கேளாமல் எடுத்த விமான நிலையம்

2025ஆம் ஆண்டு சனவரித் திங்கள் பத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூர் கணபதியில் வசிக்கும் ரெபேக்கா என்னும் பெண்மணி இரண்டாண்டுகள் உழைத்து உருவாக்கிய ஒன்றை, அவரிடம் ஒரு சொல்லும் கேளாமல் ஒருவர் எடுத்து ஊருக்கெல்லாம் வழங்கியிருந்தார் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிய வந்தது. எடுத்தவர் படித்தவர், பண்புள்ளவர், நாலு பேர் மதிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். குறை இதுதான்: நம் தோட்டத்தில் எவனாவது ஒரு தேங்காயைக் கேளாமல் பறித்தால் ஊரைக் கூட்டுகிற நாம், பிறருடைய உழைப்பைக் கணினி வழியே அள்ளிக்கொண்டு போவதற்குப் 'பகிர்வு' என்று அழகாகப் பெயர் சூட்டியிருக்கிறோம். தன்னுடையதைக் கொடுப்பதற்கல்லவா அந்தப் பெயர்!

அன்று காலை, எடுத்தவராகிய மதன்குமார் கருமத்தம்பட்டியில் தம் வீட்டு வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் குடும்பத்துக்கு விசைத்தறிக் கூடம் உண்டு. நூல் வாங்குவதும் துணி அனுப்புவதும் அவர் பொறுப்பு. தங்கை மோகனப்பிரியாவுக்குத் தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் திருமணம். பெற்றோர் ஈரோட்டுப் பக்கம் அழைக்கச் சென்றிருந்தனர். தாராபுரமும் கோவையும் மதன்குமாருக்கும் அவர் மனைவி புவனாவுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. பின்னிருக்கையில் தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமச் சிமிழ், அழைப்பிதழ்க் கட்டு ஆகியவை தயாராக இருந்தன. ஆனால் மதன்குமாரின் இடக்கையில் துணியும் வலக்கையில் கைப்பேசியும் இருந்தமையால், காரின் ஒரே இடம் மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, கார் தொடைக்கறீங்களா, போனத் தொடைக்கறீங்களா?" என்றார் புவனா.

"இரு புள்ள, எத்தன பேரு எறக்கியிருக்காங்கன்னு பாத்துட்டு வாரேன்."

"காலைல இருந்து பத்து வாட்டி பாத்துட்டீங்க. எறக்கறவங்க எறக்கிட்டுத்தான் இருப்பாங்க. நாம கெளம்பலாமுங்களா?"

அவர் பார்த்தது இன்னதென்று சொல்ல வேண்டும். விமானம் ஓட்டுவதைக் கணினித் திரையில் மெய்போலவே காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. ஃபிளைட் சிமுலேட்டர் என்பார்கள். உலகம் முழுவதும் அதில் இருக்கிறது என்றாலும், பல ஊர்கள் பெயரளவில்தான் இருக்கின்றன. கோவையில் இறங்கினால் யாரோ ஓர் அயல்நாட்டுக்காரனின் ஓட்டு வீடுகளும் ஊசியிலை மரங்களும் தெரியும். அவற்றை மாற்றி, உள்ளது உள்ளபடி அமைத்துத் தருவதற்கு ஆர்வலர்கள் தாமே கூடுதல் தொகுப்புகளைச் செய்து, அவரவர் இணையப் பக்கத்தில் வெளியிடுவார்கள். ஆட்-ஆன் என்பது அதன் வழக்குப் பெயர். மதன்குமார் அவ்வாறான பல தொகுப்புகளை ஒன்றாகச் சேர்த்து, 'கொங்கு வானம்' என்று பெயரிட்டுப் பொங்கலன்று வெளியிட்டிருந்தார். நாடு முழுவதிலிருந்தும் பலர் அதைத் தம் கணினிகளில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு தனியார் கல்லூரியின் மாணவர் விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. அவருடைய அமைதியின்மைக்குக் காரணம் இதுவே. புகழ் வந்துகொண்டிருக்கும்போது மனிதனால் ஓரிடத்தில் நிற்க முடிவதில்லை.

தாராபுரத்துக்கு அவர்கள் செல்வது இது இரண்டாம் முறை. முன்பு சென்றபோது சென்னிமலை என்னும் அவருடைய தாய்மாமன் வீட்டில் இல்லை, தோட்டத்துக்குப் போயிருந்தார். அடுத்த வீட்டில் அழைப்பிதழைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அதன் விளைவை இப்போது வாசலிலேயே சந்தித்தார்கள்.

"வாங்க மாப்ள. வா அம்மணி. போன வாரம் வந்துபோட்டுப் போனீங்களாமா?"

"ஆமாங்க மாமா. நீங்க தோட்டத்துல இருந்தீங்க. பக்கத்தூட்டுல பத்திரிகை குடுத்துட்டுப் போனோமுங்க."

"அட, அப்ப பொண்ணுக்குத் தாய்மாமன் பக்கத்தூட்டுக்காரனுங்களா? சீரும் அவனையே கொண்டாரச் சொல்லிருங்க. எனக்குச் செலவு மிச்சம்."

புவனா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மதன்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. "பத்திரிகைல உங்க பேருதானுங்க மாமா மொதல்ல போட்டிருக்குது" என்றார்.

"பேரு காயிதத்துல கெடக்குது மாப்ள. நா இங்கயில்ல உக்காந்திருக்கேன்? அச்சாபீசுக்காரன் என்னையக் கேட்டுட்டா போட்டான்?"

பிறகு தாம்பாளத்தை எடுத்து நீட்டி, முறைப்படி அழைத்தார்கள். சென்னிமலை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "இப்பத்தான் கூப்புட்ட மாதிரி இருக்குது. சாப்புட்டுத்தான் போகோணும்" என்றார். தாராபுரத்தில் ஒருவர் அதிகாரத்தோடு சோறு போட்டால் தப்பிக்க வழியில்லை. வெயில் சாயத் தொடங்கிய பிறகே கார் கோவை நோக்கித் திரும்பியது.

பல்லடத்தை நெருங்கும்போது சாலையோரத்துக் காற்றாலைகளைக் காட்டி மதன்குமார் பெருமிதத்தோடு சொன்னார்: "இந்தக் காத்தாடியெல்லாம் நம்ம கொங்கு வானத்துல இருக்குது, தெரியுமா? சுத்தும்கூட."

"நீங்க செஞ்சீங்களா?"

"நா செய்யல. பொள்ளாச்சிக்காரரு ஒருத்தரு செஞ்சாரு."

"மலை?"

"அது இத்தாலிக்காரன்."

"ஏர்போர்ட்டு?"

"அது கணபதி ரெபேக்காக்கா. இப்ப பத்திரிகை வெக்கப் போறமே, அவங்க."

"அப்ப நீங்க என்னதானுங்க செஞ்சீங்க?"

"எல்லாத்தையும் ஒண்ணா வெச்சுக் கட்டுனது யாரு? நாந்தானே!"

"அட, மூட்டை கட்டுனேன்னு சொல்லுங்க." சற்றுத் தூரம் சென்றதும் புவனா மறுபடியும் கேட்டார்: "அந்தக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நன்றின்னு போட்டு மொதப் பேரே அவங்க பேருதான். அதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?"

கொங்கு மண்ணில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. திருமண அழைப்பிதழில் உறவினர் பெயர்களை வரிசையாக அச்சிடுவது அவர்களுக்குச் செய்யும் சிறப்பு என்று பழகிய கை, கணினித் தொகுப்பின் அடியிலும் அதே வரிசையை அச்சிட்டுவிட்டது. பெயரைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று மதன்குமார் உளமார நம்பினார். பெயரைப் போடுவது நன்றி. இசைவு பெறுவது வேறு. முன்னதைச் செய்தவர்க்குப் பின்னது தள்ளுபடி ஆவதில்லை.

ரெபேக்கா கணபதியில் ஒரு பம்புசெட்டுத் தொழிற்சாலைக்குக் கணினியில் வரைபடம் போடும் வேலையில் இருப்பவர். அவருடைய கணவர் வின்ஸ்டன் சிறிய லேத்துப் பட்டறை நடத்துகிறார். வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு கிடைத்த நேரத்தில் ரெபேக்கா கோவை விமான நிலையத்தைத் தம் கணினியில் கட்டினார். அவினாசிச் சாலையில் எந்த வளைவில் வேப்பமரம் நிற்கிறது என்பதை ஸ்கூட்டரில் சென்று பார்த்து வந்து அங்கே ஒரு வேப்பமரத்தை நட்டார். மாலை வெயிலில் மேற்கு மலைகள் என்ன நிறத்தில் தெரியும் என்று மாடியில் நின்று பார்த்துவிட்டு வந்து நிறம் தீட்டினார். மதன்குமாருக்கு இந்தக் கலையில் முதற்பாடம் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. யார் வேண்டுமானாலும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம் என்றுதான் தம் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரே ஒரு வேண்டுகோளை மட்டும் மேலே எழுதியிருந்தார்: வேறு தொகுப்பில் சேர்க்க விரும்புவோர் முதலில் என்னிடம் கேளுங்கள்.

மதன்குமார் அந்த வரியைப் படித்தவர்தாம். 'நமக்கில்லை' என்று எண்ணிக் கடந்துவிட்டார்.

அன்று காலை ஆராதனைக்குப் புறப்படும்போது ரெபேக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. படித்தார். தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை வின்ஸ்டன்தான் திருத்தினார். வீடு திரும்பியவர் உட்காரவில்லை. கணினிக்கும் அடுக்களைக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார். பாலைப் பொங்கவிட்டார். துடைத்த மேசையை மறுபடியும் துடைத்தார். அவர் அந்நிலையில் இருந்தபோதுதான் வாசலில் மதன்குமாரின் கார் வந்து நின்றது.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க." கோபத்திலும் உபசாரம் தவறவில்லை. தண்ணீர் கொடுத்தவர் மதன்குமாரின் முகத்தைப் பார்க்கவில்லை என்பதைப் புவனா கவனித்தார்.

மதன்குமார் கவனிக்கவில்லை. "ஏனுங்க்கா, கொங்கு வானம் பாத்தீங்களா? நம்ம ஏர்போர்ட்டுதான் எல்லாரும் பேசறாங்க!"

"பாத்தேன் தம்பி. அதுல ஏரோபிரிட்ஜ் இருக்குதே, அது யாரோடதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

விமானத்தின் கதவுக்கும் கட்டடத்துக்கும் நடுவே நீண்டு வந்து இணையும் நடைபாலத்தைத்தான் அவர் குறிப்பிட்டார்.

"உங்களோடதுதானுங்க்கா. அதான் பேரு போட்டிருக்கேனே."

"என்னோடது இல்ல. போர்ச்சுகல்ல துவார்த்தேன்னு ஒரு பெரியவர் செஞ்சது. நா கேட்டேன். பதில் வரல. மறுபடி கேட்டேன். எதுக்குன்னு கேட்டாரு. படமெல்லாம் அனுப்பிக் காட்டுனேன். அப்பறந்தான் குடுத்தாரு. 'உன்னோட நிலையத்துக்குள்ள மட்டும் வெச்சுக்கோ, வேற எங்கயும் போகக் கூடாது'ன்னு சொன்னாரு. சரின்னு வாக்குக் குடுத்தேன். இப்ப அது உங்க தொகுப்புல ஊரெல்லாம் சுத்துது. நாந்தான் குடுத்தேன்னு நெனைக்கறாரு. ஏன்னா, அதுலதான் என் பேரு மொதல்ல இருக்குதே."

மதன்குமார் நிறுத்தி யோசிக்கவில்லை. "அவருக்கு நா ஒரு மெயில் போட்டுடறேனுங்க. இதுக்கெதுக்கு வெசனம்?"

ரெபேக்கா கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். துவார்த்தே எழுதியிருந்தது நீளமானது அன்று. கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுவதாகவும், தம் பொருள்களை நீக்கும்வரை ரெபேக்காவின் பக்கத்தை முடக்குமாறு இணையதளத்தாரிடம் முறையிட்டிருப்பதாகவும் எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: உங்கள் சொல்லை நம்பியது என் பிழை.

இணையதளத்தார் பக்கத்தை முடக்கிவிட்டமையால், இரண்டாண்டு உழைப்பு திரையில் பூட்டிக் கிடந்தது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருந்தது. முகம் தெரியாத ஒருவருக்கு ரெபேக்கா கொடுத்த வாக்கு, அவர் எதுவுமே செய்யாமல் பொய்யாகிவிட்டது.

"என்னய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மதன்."

"கேட்டா நீங்க இல்லைன்னா சொல்லப்போறீங்கன்னு நெனச்சேனுங்க்கா."

"இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்."

தேநீரோடு வந்த வின்ஸ்டன் வாயிற்படியிலேயே நின்றுவிட்டார். மதன்குமாரின் முகம் சிவந்தது. "நா காசுக்கா வித்தேன்? நீங்களும் சும்மாதான் குடுக்கறீங்க, நானும் சும்மாதான் குடுத்தேன். நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும்னுதானே செஞ்சேன்?"

வின்ஸ்டன் தட்டை மேசையில் வைத்தார். "தம்பி, கிறிஸ்மஸ்க்கு எங்க சபைல பிரியாணி போடுவோம். யாரு வேணா வந்து சாப்பிடலாம். அதுக்குன்னு அண்டாவோட தூக்கிட்டுப் போயி கருமத்தம்பட்டில உங்க ஊட்டு வாசல்ல வெச்சு, 'வாங்க வாங்க, மதன்குமார் விருந்து'ன்னு கூப்புட்டா நல்லாவா இருக்கும்? அண்டா மேல 'நன்றி, கணபதி சபை'ன்னு சீட்டு ஒட்டியிருந்தாலும்?"

புவனாவுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. பேச்சை மாற்ற எண்ணி, எழுந்து தாம்பாளத்தை இரு கைகளாலும் ஏந்தி நீட்டினார். "அக்கா, எங்க நாத்தனாருக்குக் கல்யாணமுங்க. நீங்களும் அண்ணனும் குடும்பத்தோட வரோணும்."

ரெபேக்கா தாம்பாளத்தைப் பார்த்தார். வெற்றிலை வாடியிருந்தது, பழம் வெயிலில் சற்றுக் கறுத்திருந்தது. "இதுக்கு எதுக்குங்க இவ்ளோ தூரம் அலைஞ்சீங்க? வாட்ஸாப்புல போட்டிருந்தாப் பத்தாதா?"

மதன்குமார் பதறினார். "அதெப்படிங்க்கா? நேர்ல வந்து ஒரு வார்த்தை கேக்காம..."

சொல்லி முடிக்கவில்லை. தாம் சொன்னதைத் தாமே கேட்டுவிட்டார்.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றார் ரெபேக்கா. குரல் உயரவில்லை. "தெரியாம செஞ்சிருந்தீங்கன்னா மனசு ஆறியிருக்கும். கண்ணு புவனா, தப்பா நெனச்சுக்காத. இப்ப இத வாங்க எனக்குக் கை வரல. நீயே வெச்சிரு."

நீட்டிய தாம்பாளம் அப்படியே திரும்பிச் செல்வது எப்படிப்பட்ட அவமதிப்பு என்று கொங்கு நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காரில் ஏறிக் கதவை அறைந்த மதன்குமார் கொதித்தார். "பத்திரிகையத் திருப்பி அனுப்பிட்டாங்களே! மரியாதைன்னா என்னன்னு தெரியுமா அவங்களுக்கு?"

புவனா அவரை நேராகப் பார்த்தார். "மரியாதையப் பத்தி நீங்க நாயம் பேசாதீங்க. ஒரு காயிதம் குடுக்க உங்க மாமன் ஊட்டுக்கு ரெண்டு வாட்டி போனீங்க. இந்தக்கா ரெண்டு வருசம் செஞ்சத எடுக்கறதுக்கு ஒரு வாட்டி போன் பண்ணத் தோணலீங்க. உங்க மாமன் மொகத்துக்குப் பயந்தீங்க. இந்தக்கா மொகம் உங்களுக்குக் கம்ப்யூட்டர்ல தெரியல. அவ்ளோதான்."

மதன்குமார் காரைக் கிளப்பினார். அவினாசிச் சாலையின் நெரிசலில், முன்னால் நின்ற பேருந்தின் பின்புறத்தை வெறித்துக்கொண்டு, ஆரன் அடிக்கவும் மறந்து இருந்தார். அவருடைய கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. யாரோ, எங்கோ, கொங்கு வானத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் இனித்த அந்த அதிர்வு ஒவ்வொன்றும் இப்போது முள்ளாகக் குத்தியது. கடைசியில் கைப்பேசியை எடுத்துப் புவனாவின் மடியில் கவிழ்த்து வைத்தார். அது அங்கேயும் அதிர்ந்தது.

வீடு சேர்ந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கணினி முன் அமர்ந்து தொகுப்பை நீக்கினார். நீக்கிய இடத்தில், 'இதிலிருந்த பலவும் என்னுடையவை அல்ல. உரியவர்களைக் கேளாமல் எடுத்தேன். ரெபேக்கா அவர்கள் இதற்கு இசைவு தரவில்லை. இறக்கியவர்கள் அழித்துவிட வேண்டுகிறேன்' என்று தம் பெயரிட்டு எழுதினார். எழுதுவது எளிது. வெளியே போனது திரும்பி வருமா? அதற்குள் அந்தத் தொகுப்பு எத்தனையோ கணினிகளுக்குள் நுழைந்து, வேறு பெயர்களோடு வேறு தளங்களிலும் ஏறிவிட்டது. கேளாமல் எடுத்ததைக் கேளாமலே எடுத்துக்கொள்ளப் பலர் இருந்தார்கள்.

ஆர்வலர் குழுவில் கேலி தொடங்கியது. சரவணன் என்னும் நண்பர் தொலைபேசியில் அழைத்தே கேட்டார்: "என்ன மாப்ள, அக்கா ஒரு அதட்டு அதட்டுனா ஏர்போர்ட்டையே இழுத்து மூடிட்டியா? இன்டர்நெட்ல போட்டாப் பொதுச் சொத்துடா!"

"உன்ற பைக்க ரோட்டுலதான் நிறுத்தறே. பொதுச் சொத்துன்னு நா ஓட்டிட்டுப் போகட்டுமா?"

"அது வேற, இது வேற!"

"உன்னுதுன்னா வேற. அடுத்தவனுதுன்னா பொதுச் சொத்து. நானும் நேத்து வரைக்கும் இப்படித்தான் பேசிட்டிருந்தேன்" என்று தொடர்பைத் துண்டித்தார்.

கல்லூரிக்காரர்களிடம் நடந்ததை அவரே சொன்னார். அவர்கள் மிகவும் பணிவாக, பொன்னாடையை வேறொருவருக்குப் போர்த்த முடிவு செய்தார்கள்.

துவார்த்தேக்குக் கடிதம் எழுதுவதுதான் கடினமாக இருந்தது. முதலில் எழுதியதைப் புவனாவிடம் காட்டினார். தம் நல்லெண்ணம், கொங்கு நாட்டின் பெருமை, தமக்கு ஒரு காசும் கிட்டாமை ஆகியன எல்லாம் அதில் விரிவாக இருந்தன. புவனா படித்துவிட்டுக் கேட்டார்: "இது மன்னிப்பா, வக்கீல் நோட்டீசா?" மதன்குமார் அழித்தார். இறுதியில் எஞ்சியது நான்கு வரி: எடுத்தவன் நான், ரெபேக்காவுக்குத் தெரியாது, அவர் சொல் தவறவில்லை, என்னை மன்னிக்காவிட்டாலும் அவரை நம்புங்கள்.

அன்று தொடங்கிப் பல நாள் அவர் நிலைகொள்ளாமல் தவித்தார். தறிக்கூடத்தில் நிற்பார், கைப்பேசியைப் பார்ப்பார், திருமண வேலை ஒன்றைத் தொடங்குவார், பாதியில் விட்டுவிட்டு மறுபடியும் பார்ப்பார். அந்த இடைவெளியில், தொகுப்பில் பெயர் போட்ட ஒவ்வொருவருக்கும் எழுதிக் கேட்டார். காற்றாலை செய்த பொள்ளாச்சிக்காரர் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளச் சொன்னார். 'இத்தனை பேர் எடுத்தார்கள், நீங்கள் ஒருவர்தாம் கேட்டீர்கள்' என்றும் எழுதினார். பிந்திக் கேட்டதற்கே இவ்வளவு மகிழ்ச்சியா என்று மதன்குமாருக்கு வெட்கமாக இருந்தது. வேறொருவர் மறுத்தார். மலை செய்த இத்தாலிக்காரரிடமிருந்து பதிலே வரவில்லை. பதில் வராமை இசைவு ஆகாது என்பதை மதன்குமார் இப்போது அறிந்திருந்தார். மலையைத் தொடவில்லை.

பிப்ரவரித் தொடக்கத்தில் துவார்த்தேயின் மறுமொழி இருவருக்கும் வந்தது. ரெபேக்கா சொல் தவறவில்லை என்பதை ஏற்றுக்கொண்டு முறையீட்டைத் திரும்பப் பெற்றிருந்தார். பக்கம் திறந்தது. ஆனால் தம் நடைபாலத்தை இனி எவரிடமும் விட்டுவைக்க மனமில்லை என்றும், அதை மட்டும் நீக்கிவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். கதையில் எல்லாம் நேராக வேண்டும் என்று வாசகர் விரும்பலாம். மனிதருடைய நம்பிக்கை அவ்வாறு நேராவதில்லை. ரெபேக்கா அன்று மாலையே நடைபாலங்களை ஒவ்வொன்றாக நீக்கினார். அவருடைய விமான நிலையத்தில் இப்போது விமானங்கள் கட்டடத்தை விட்டு எட்டவே நிற்கின்றன. பயணிகள் வெயிலில் இறங்கி நடக்கிறார்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மதன்குமாரும் புவனாவும் மீண்டும் கணபதிக்குச் சென்றார்கள். வெறுங்கையோடு உள்ளே வந்தார்கள். ரெபேக்கா தாமே ஒரு நடைபாலம் வரைந்துகொண்டிருந்தார். வின்ஸ்டன், நிலையத்தில் எடுத்த நிழற்படங்களைப் பார்த்து, "இந்த மடிப்பு இப்படி வராதும்மா" என்று அருகிலிருந்து குறுக்கிட்டுக்கொண்டிருந்தார்.

மதன்குமார் உட்காரவில்லை. "அக்கா, ஒண்ணு கேக்கோணும். கொங்கு வானத்த மறுபடி செய்யறேனுங்க. கேட்டுக் குடுத்தவங்களோடத மட்டும் வெச்சு. உங்க ஏர்போர்ட்ட, அந்தப் பாலம் இல்லாம, அதுல சேத்துக்கலாமுங்களா?"

ரெபேக்கா திரையில் பாதி வரைந்திருந்த பாலத்தைப் பார்த்தார். "வேண்டாம் மதன். அது என் பக்கத்துலயே இருக்கட்டும்."

"சரீங்க்கா."

அடுத்து 'ஆனா' என்று தொடங்குவார் என்று ரெபேக்கா காத்திருந்தார். வரவில்லை. "அவ்ளோதானா?"

"அவ்ளோதானுங்க்கா. கேக்கத்தான் வந்தேன். நீங்க இல்லைன்னு சொன்னதுல எனக்கு வருத்தந்தான். ஆனா அது என்ற வருத்தமுங்க. நாந்தான் பட்டுக்கோணும்."

ரெபேக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். பல நாளாக இறுகிக் கிடந்த அவர் முகம் முதன்முறையாகத் தளர்ந்தது. "இதத்தான் நீங்க அன்னைக்கே செஞ்சிருக்கோணும். கேக்கறதுன்னா 'சரி'ன்னு வாங்கிட்டுப் போறதுக்கு மட்டுமில்ல தம்பி. 'வேண்டாம்'னு சொன்னா விட்டுட்டுப் போறதுக்கும் சேத்துத்தான் கேக்கறது. பேரு போட்டா நன்றி. கேட்டாத்தான் மரியாதை." பிறகு புவனாவின் பக்கம் திரும்பினார். "பத்திரிகை எங்க கண்ணு?"

"கார்ல இருக்குதுங்க்கா" என்றார் மதன்குமார். "எடுத்துட்டு வரலாமுங்களா?"

"அட சாமி!" என்று தலையில் கைவைத்தார் வின்ஸ்டன். "இதுக்குமா கேப்பீங்க? ஓடுங்க, எடுத்துட்டு வாங்க!"

அன்று வெற்றிலை வாடவில்லை. ரெபேக்கா எழுந்து நின்று, தாம்பாளத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

வாசகரே, இக்கதையைப் படித்துவிட்டு மதன்குமாரைக் குறை கூறிக்கொண்டு இருந்துவிடாதீர். உம்முடைய கணினியையும் கைப்பேசியையும் இப்போதே திறந்து பாரும். நீர் உருவாக்காத படம், பாட்டு, பாடக்குறிப்பு, மென்பொருள், பிறர் கைவண்ணம் எதையேனும் உம் தொகுப்பில் சேர்த்து ஊருக்கு அனுப்பியிருக்கிறீரா? அடியில் 'நன்றி' என்று எழுதிவிட்டதை எனக்குக் காட்ட வேண்டா. உரியவரைத் தேடும். கேளும். பதில் வரும்வரை பொறும். 'வேண்டாம்' என்று அவர் சொன்னால், எதிர்வாதம் செய்யாமல் நீக்கும். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர். இந்தத் தாளை மூடிவைத்துவிட்டு, முதல் வேலையாக இதைச் செய்யும்!